சாயம் பச்சையாகுது, வாங்க பார்க்கலாம்!

ஒயினை இயந்திரத்திடம் கொடுத்துச் சுவை கேட்கிறார்களாம் என்று சொன்னால் கண்டிக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். நமக்கு ஏது திராட்சைத் தோட்டம்? இருப்பது கித்துள் மரமும் அதன் கள்ளும்தான். சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் காதைக் கொடுங்கள். ஒரு மிடறு பானத்தை எடுத்து, அதன் நிறத்தை ஒளியால் அளந்து, மணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, துவர்ப்புக்கு எண் போட்டு, கடைசியில் "இது நல்ல சரக்கா?" என்று கேட்கிற வேலை நம் மலையிலும் நடக்கிறது. 1960களிலிருந்தே நடக்கிறது. பானம் மட்டும்தான் வேறு. தேத்தண்ணி!

எனக்கு இதில் ஒரு பெருமைக் கிறுக்கு உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தேயிலை மணத்தைப் பற்றி உலகெங்கும் எழுதுகிற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிற ஒரு கணக்குக்கு இலங்கைக்காரர் ஒருவரின் பெயர் ஒட்டியிருக்கிறது. அந்தப் பெயருக்குப் போவதற்குள் நாம் மூன்று நான்கு கதவுகளைத் தள்ளித் திறக்க வேண்டும். வாங்க. அத்தர், சென்ட் ஏதும் பூசியிருந்தால் மட்டும் கழுவிவிட்டு வாங்க. உள்ளே மூக்கை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் கதவு ஹந்தானையில். கண்டி நகரிலிருந்து ஹந்தானை வீதியில் ஏற ஏற, பஸ் ஹாரன் எல்லாம் கீழே தங்கிவிடும். தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகம் இந்த வீதியில்தான் இருக்கிறது. இன்னும் மேலே போனால் தேயிலை அருங்காட்சியகம். 1925இல் கட்டிய தொழிற்சாலை அது. வேலை நின்று, வருடக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதைத் திருத்தியெடுத்து 2001இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நான்கு மாடி. கீழே பழைய என்ஜின்கள், அதற்கு மேலே கொழுந்து உருட்டிய ரோலர்கள், இன்னும் மேலே ஜேம்ஸ் டெய்லரின் சாமான்கள், உச்சியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி கண்டியைப் பார்க்க இடம். ஏறும்போதே மரத்தின் வாசமும் எண்ணெய் வாசமும் மூக்கில் ஏறும்.

இன்னொரு செய்தி. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் பிறந்ததும் அதே 1925இல்தான். அதன் தலைமையகம் தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில். ஆனால் மத்திய மலைநாட்டுத் தேயிலைக்கான அதன் பிராந்திய நிலையம் இதே ஹந்தானையில் இருக்கிறது. ஆக, ஓய்வுபெற்ற இயந்திரங்களும் ஓயாத ஆராய்ச்சியும் ஒரே மலையில் குடித்தனம்.

டெய்லரைப் பற்றி இரண்டு வரி. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரயில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்தவர். ஆரம்பத்தில் அவருக்கு ஆய்வுகூடமும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. பங்களா விறாந்தைதான் எல்லாம். மேசையில் போட்டு இலையைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டில் பரப்பிக் காய வைத்தார்கள். அளவுகருவி என்றால் விரலும் கண்ணும் மூக்கும். 1873இல் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. அந்த விறாந்தையில் நடந்த சோதனைதான் இன்றைக்கு இலட்சக்கணக்கில் விலை போகும் கருவிப் பெட்டிகளுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது கதவு: சுவை பார்க்கும் அறை. இதைத் திறக்கும்போது சத்தம் கேட்டுப் பயப்படாதீர்கள்.

நீளமான ஒரு மேசை. சன்னல் வடக்கே பார்த்திருந்தால் விசேஷம். வெயில் நேராக விழாமல் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். மேசையில் வரிசையாக வெள்ளைப் பீங்கான் குவளைகள். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பல் வெட்டியிருக்கும், மூடியைப் பிடித்துக்கொண்டு சாய்த்தால் இலை உள்ளேயே நின்று சாயம் மட்டும் கிண்ணத்துக்குள் இறங்கும். பின்னால் காய்ந்த தேயிலை ஒரு தட்டில், முன்னால் ஊறிய இலை கவிழ்த்த மூடியின் மேல், நடுவில் கிண்ணத்தில் சாயம். ஒரே தேயிலை மூன்று வேஷத்தில்.

இதற்கு உலகச் சட்டமே இருக்கிறது! ஐ.எஸ்.ஓ. 3103. 1980இல் வந்தது, 2019இல் திருத்தினார்கள். 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, அப்போதுதான் கொதித்த தண்ணீர், ஆறு நிமிடம். அவ்வளவுதான் சாரம், ஆனால் குவளையின் கொள்ளளவிலிருந்து மூடியின் வடிவம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். இதன் பிரித்தானிய மூலத்துக்கு, ஒரு கோப்பை தேத்தண்ணி போட ஆறு பக்கம் விதி எழுதியதற்காக, 1999இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசை இலக்கியப் பிரிவில் கொடுத்தார்கள். கேலி செய்தவர்கள் இந்த மேசையருகே வந்து நின்றதில்லை என்று நினைக்கிறேன். ஐம்பது கிண்ணம் வரிசையில் இருக்கும்போது ஒன்று ஐந்து நிமிடமும் இன்னொன்று ஏழு நிமிடமும் ஊறியிருந்தால் யாருடைய சரக்கு நல்லது என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சட்டத்தில் ஒரு குறும்பான ஓட்டை மலைநாட்டில் உண்டு. கண்டியில் தண்ணீர் கிட்டத்தட்ட 98 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் 94 பாகைக்கே தளதளவென்று கொதித்துவிடும். இரண்டு ஊரிலும் "அப்போதுதான் கொதித்த தண்ணீர்" தான். சட்டப்படி இரண்டும் சரி. நாலு பாகை வித்தியாசத்தில் இறங்குகிற சாயம் ஒன்றாக இருக்குமா? நுவரெலியா ஹோட்டல்களில் தேத்தண்ணி ஏன் மெல்லிசாக இருக்கிறது என்று முணுமுணுப்பவர்கள் மலையைத்தான் கோபித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தச் சத்தம். சுவை பார்ப்பவர் ஒரு கரண்டி சாயத்தை எடுத்து, உதட்டோரம் வைத்து, சர்ர்ர்ப் என்று உறிஞ்சுகிறார். வீட்டில் இப்படிக் குடித்தால் அம்மா முறைப்பார். இங்கே அது தொழில்நுட்பம். காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது சாயம் நுண்துளியாகச் சிதறி, மணம் தொண்டைக்குப் பின்பக்கமாக ஏறி மூக்குக்குப் போகிறது. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்று கைவிரலில் அடங்கும். மற்றதெல்லாம் மூக்கின் உபயம். சளி பிடித்த நாளில் சாம்பாருக்கும் சுடுதண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாமல் போவது இதனால்தான்.

உறிஞ்சியதை விழுங்குவதில்லை. துப்புகிறார்கள். சக்கரம் வைத்த உயரமான துப்புத்தொட்டி ஒன்று கூடவே உருண்டு வரும். ஒரு கிண்ணத்துக்குச் சில வினாடி. கொழும்பு ஏலத்துக்கு முன்னால் புரோக்கர்மாரின் அறைகளில் இப்படி நூற்றுக்கணக்கான கிண்ணங்கள் ஓடும். அந்த ஏலம் 1883 ஜூலையில் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. துப்பிக்கொண்டே வாயிலிருந்து வருகிற சொற்கள்: பிரைட், பிரிஸ்க், கொப்பரி, மால்ட்டி, பொடி இருக்கு, ஸ்டியூட், பேக்கி, பிளாட். பிரைட் என்றால் சாயத்தில் வெளிச்சம் இருக்கிறது. பிரிஸ்க் என்றால் வாயில் சுறுசுறுவென்று ஒரு உயிர். பிளாட் என்றால், பாவம், ஒன்றுமில்லை. கண்டிப் பக்கத்துத் தேயிலைக்கு, அதாவது 600இலிருந்து 1,200 மீற்றர் உயரத்தில் விளைவதற்கு, இந்த அறையில் கிடைக்கும் வழக்கமான சான்றிதழ்: நல்ல செம்பு நிறம், நல்ல கனம், பாலைத் தாங்கும் திடம்.

சரி, இந்த "பிரைட்", "பிரிஸ்க்" எல்லாம் ஒரு மனிதனின் வாய்ச்சொல்தானே? காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால் எல்லாத் தேயிலையும் பிளாட் ஆகிவிடாதா? இந்தச் சந்தேகம் வந்தவர்கள்தான் மூன்றாவது கதவைத் திறந்தார்கள்.

உள்ளே வெள்ளைக் கோட்டு. கண்ணாடிக் குடுவைகள். அறை எங்கும் லேசாக ஒரு கரைப்பான் வாசம்.

முதலில் கொஞ்சம் பின்கதை. கொழுந்தை வாட்டி, ரோலரில் போட்டு உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. உள்ளேயிருக்கும் நொதியமும் பொலிபினோல்களும் காற்றைச் சந்திக்கின்றன. பச்சை இலை செம்பு நிறமாகிறது. இதைப் புளிக்க வைப்பது என்று தொழிலில் சொல்வார்கள்; ஒயினில் நடக்கிற புளிப்போடு இதற்கு ஒரு உறவும் இல்லை, ஈஸ்ட் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வெறும் ஒட்சியேற்றம். அப்போது இரண்டு கூட்டம் பொருட்கள் பிறக்கின்றன. ஒன்று தியாபிளேவின்: பொன் மஞ்சள், வெளிச்சம், சுறுசுறுப்பு. இன்னொன்று தியாருபிஜின்: சிவப்பு கலந்த பழுப்பு, கனம், ஆழம். பிரித்தானிய இரசாயனவியலாளர் ஈ. ஏ. எச். ரொபர்ட்ஸ் 1950களில் இவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். 1961இல் ஸ்மித் என்பவரோடு சேர்ந்து இவற்றை ஒளியால் அளக்கிற முறையையும் வெளியிட்டார்.

முறை கண்ணுக்கு விருந்து. 9 கிராம் தேயிலையை 375 மில்லிலீற்றர் கொதிநீரில் பத்து நிமிடம் குலுக்கி வடிக்க வேண்டும். பிரிபுனலில் ஊற்றி, தண்ணீரோடு சேராத ஒரு கரைப்பானை மேலே விட்டுக் குலுக்கினால் சாயம் இரண்டு மாடியாகப் பிரிகிறது. பொன்னிறம் மேலே ஏறிக்கொள்கிறது, கருஞ்சிவப்பின் பெரும்பங்கு கீழேயே உட்கார்ந்துவிடுகிறது. பிறகு அவற்றை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்கிற பெட்டிக்குள் வைத்து, 380 நனோமீற்றரிலும் 460 நனோமீற்றரிலும் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன என்று பார்க்கிறார்கள். சுவை பார்ப்பவர் "பிரைட்" என்று ஒரு சொல்லில் முடித்ததற்கு இங்கே தசமத்தில் விடை வருகிறது. காய்ந்த தேயிலையில் தியாபிளேவின் வழக்கமாக 2 வீதத்தைத் தாண்டாது. அந்தச் சின்ன எண்ணுக்காகத்தான் இத்தனை குலுக்கல்.

இன்னும் வேடிக்கை வேண்டுமா? 1970களில் பிளேவோக்னொஸ்ட் முறை என்று ஒன்று வந்தது. அதற்கான மருந்தைச் சாயத்தில் சேர்த்தால் தியாபிளேவின் பச்சை நிறமாகிவிடும்! 625 நனோமீற்றரில் அளப்பார்கள். ஒரு நல்ல செம்புநிறச் சாயம் எவ்வளவு நல்லது என்பதை, அது எவ்வளவு பச்சையாகிறது என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். தலைப்பில் சொன்ன கூத்து இதுதான்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு தியாபிளேவின் சோதனையும் உண்டு. நல்ல பிளேன்டீயை ஆற விடுங்கள். ஆறியதும் கலங்குகிறதா? அது கெட்டுப்போகவில்லை. தியாபிளேவினும் கபேனும் கைகோத்து வெளியே வருகின்றன. சுவை பார்ப்பவர்கள் இதைக் கிரீம் என்று சொல்லிச் சந்தோஷப்படுவார்கள். பளிங்காகவே ஆறுகிற சாயத்தைப் பார்த்தால்தான் அவர்கள் உதட்டைப் பிதுக்குவது.

இப்போது கதையில் திருப்பம். 1972இல் மலாவியில் ஹில்டனும் எலிஸும் தியாபிளேவின் அளவையும் தேயிலைக்குக் கிடைத்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. தியாபிளேவினை அளந்தால் விலையைச் சொல்லிவிடலாம்! சுவை பார்ப்பவர்களுக்கு வேலை போச்சு என்று அன்றைக்கு யாராவது நினைத்திருந்தால் குற்றமில்லை.

அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு நம் மலைக்கு வந்தால் சறுக்குகிறது. ஆபிரிக்கத் தேயிலை நிறத்துக்கும் திடத்துக்கும் விலை போவது. நுவரெலியா, ஊவா, டிம்புள தேயிலைக்கு விலையைத் தூக்குவது மணம். மெல்லிய சாயம், தியாபிளேவினும் ஆகா ஓகோ என்று இல்லை, ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் ஆளையே தூக்குகிறது. அதை 380 நனோமீற்றர் எப்படிச் சொல்லும்? மணத்துக்கு வேறு பெட்டி வேண்டும்.

நான்காவது கதவு. மெதுவாக.

கேஸ் குரோமடோகிராப். பார்த்தால் ஒரு அடுப்பு. உள்ளே தலைமுடி நூல்போல் மெல்லிய குழாய், 30 மீற்றர், 60 மீற்றர் நீளத்தில் சுருட்டி வைத்திருக்கிறது. தேயிலையின் மணத்தை எடுத்து ஒரு முனையில் செலுத்துகிறார்கள். ஹீலியம் வாயு தள்ளிக்கொண்டு போகிறது. அடுப்பின் சூடு ஏற ஏற, இலேசான மூலக்கூறுகள் முதலில் ஓடி வந்துவிடுகின்றன; கனமானவை மெதுவாக வந்து சேர்கின்றன. மறுமுனையில் ஒவ்வொன்று வரும்போதும் தாளில் ஒரு மலை எழும்பும். தேயிலையில் இப்படி 600க்கு மேல் பொருட்களைக் கண்டிருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்தும் 100 கிராம் தேயிலையில் பத்து, இருபது மில்லிகிராம் கணக்கில்தான் தேறும். அந்தத் துளிக்குத்தான் ஏலத்தில் அத்தனை சண்டை.

யார் யார் ஓடி வருகிறார்கள் தெரியுமா? முதலில் ஹெக்ஸெனல் வகையறா: புல் வெட்டிய வாசம், கசக்கிய பச்சை இலை. பின்னால் லினலூல்: பூ. அதற்குப் பின்னால் மெத்தில் சலிசிலேட். இதை உங்களுக்கு நன்றாகத் தெரியும், முழங்கால் வலிக்குப் பூசும் தைலத்தில் மூக்கைத் துளைப்பது இதுதான்! ஊவாத் தேயிலையில் ஓடுகிற அந்தப் புதினாக் குளிர்ச்சிக்கு முக்கியமான ஆள் இவர். பிறகு ஜெரனியோல்: ரோஜா. பீட்டா அயனோன். இன்னும் பலர்.

இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பெயர். தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் உயிர் இரசாயனவியலாளர் ஆர். எல். விக்கிரமசிங்கவும், தேயிலை மணத்தையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஜப்பானிய விஞ்ஞானி தெய் யமனிஷியும் 1960களில் சேர்ந்து வேலை செய்தார்கள். இத்தனை நூறு மலைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திகைக்காமல், லினலூலை ஒரு எல்லைக்கல்லாக நட்டார்கள். அதற்கு முன் ஓடி வந்தவை எல்லாம் ஒரு பக்கம், லினலூலும் அதற்குப் பின் வந்தவையும் மறுபக்கம். முன்னதைப் பின்னதால் வகுத்துவிடு! பச்சை வாசக்காரர்கள் பெரும்பாலும் முன்னால், பூவாசக்காரர்கள் பின்னால் என்பதால், விகிதம் குறையக் குறைய மணம் உயர்கிறது. இதற்குப் பெயர் விக்கிரமசிங்க–யமனிஷி விகிதம். பிறகு கென்யாவில் ஓவூர் தனக்கென்று ஒரு மணச் சுட்டெண் செய்தார், வேறு நாட்டவர்கள் வேறு வேறு செய்தார்கள். ஆனால் அந்த வரிசையில் நம் ஆள் முன்னாலேயே நிற்கிறார். 1989இல் யமனிஷி, பொதேஜு, சந்திரதாச ஆகியோர் ஊவாவின் பருவகாலத் தேயிலைக்கென்றே ஒரு சுட்டெண் கொண்டுவந்தார்கள். ஜூலையிலிருந்து செப்ரெம்பர் வரை காய்ந்த கச்சான் காற்று அடிக்கும்போது ஊவாத் தேயிலையில் ஏறுகிற மணத்துக்கு அப்படி ஒரு எண் கிடைத்தது. காற்றுக்கே மார்க் போட்டுவிட்டார்கள் ஐயா!

இனி, நான் இந்தப் பெட்டியின் மேல் காதல் கொண்டதற்குக் காரணமான காட்சி. தாளில் மிகப் பெரிய மலையாக எழும்புவதுதான் மிக மணமான பொருள் என்று நினைத்தால் தப்பு. பெரிய மலை வாசமே இல்லாமல் இருக்கலாம். கண்ணுக்கே தெரியாத சின்ன மேடு மூக்கைப் பிளக்கலாம். அதனால் என்ன செய்கிறார்கள்? குழாயின் முடிவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை உணர்கருவிக்கும் மற்றதை ஒரு கண்ணாடிப் புனலுக்கும் விடுகிறார்கள். அந்தப் புனலில் ஒரு மனிதர் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "இப்போது புல்... இப்போது ஒன்றுமில்லை... இப்போது ரோஜா!" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒயின் ஆய்வுகூடங்களிலும் இதே ஏற்பாடுதான். கோடி ரூபாய்க் கருவியின் கடைசி உதிரிப்பாகம் ஒரு மூக்கு.

ஒயின்காரர்கள் இப்படி மோந்து பிடித்ததில் நமக்குச் சம்பந்தமான கதை ஒன்று உண்டு. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசம் வருவதாக ஆஸ்திரேலியர்கள் காலகாலமாகச் சொல்லி வந்தார்கள். ஒயினில் எங்கிருந்து மிளகு? 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் ரொட்டண்டோன் என்ற பொருளைப் பிடித்தார்கள். அதே பொருள்தான் உண்மையான மிளகிலும் மிளகு வாசத்தைத் தருகிறது. மாத்தளைக் கொடியில் காய்க்கிற அதே மிளகு! தண்ணீரில் ஒரு லீற்றருக்கு 8 நனோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்கிறது. ஆனால் சோதனைக்கு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, சோதித்த மிக உயர்ந்த அளவில்கூட வாசமே தெரியவில்லை. பெட்டிக்கு அந்தக் குறை இல்லை.

நாக்கையும் மூக்கையும் கண் ஏமாற்றும் என்பதற்கும் ஒயின்காரர்களிடமே சாட்சி இருக்கிறது. 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வார்த்தைகளையெல்லாம் அதற்குச் சொன்னார்கள், படித்த பிள்ளைகள்தான். வெள்ளைக் கிண்ணத்தில் செம்பு நிறத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு உறிஞ்சுகிற நம் சுவை பார்ப்பவர்கள் மட்டும் தப்பிவிடுவார்களா என்ன?

ஐந்தாவது கதவு கண்டியில் இல்லை, கொல்கத்தாவில். அங்கே சீ-டாக் என்ற கணினி ஆய்வு நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து தேயிலைக்கு மின்னணு மூக்கு ஒன்று செய்தார்கள். உலோக ஒட்சைட் உணரிகள் சில; தேயிலை வாசம் பட்டால் அவற்றின் மின்தடை மாறும்; மாறுகிற விதத்தைக் கணினி படித்துக்கொள்ளும். கொழுந்து செம்பாகிக்கொண்டிருக்கும்போது இந்தப் பெட்டியை வைத்துப் பார்த்தால், வாசம் இரண்டு தடவை உச்சிக்கு ஏறி இறங்குவது தெரிகிறது. இதைக் கண்டுபிடிப்பு என்று அறிவித்தால் எந்தத் தொழிற்சாலை டீமேக்கரும் சிரிப்பார். பாத்தியில் பரப்பிய இலையை அள்ளி முகர்ந்து, "இப்ப எடு, டிரையருக்கு அனுப்பு" என்று சொல்வது அவர்களுடைய அன்றாட வேலை; முதல் மூக்கு, இரண்டாம் மூக்கு என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பெட்டியின் சாதனை அதைக் கண்டது அல்ல, இராத்திரி மூன்று மணிக்கும் தூங்காமல் அதையே சொல்வது.

பெட்டிக்கும் நோய்நொடி உண்டு. ஈரக்காற்று இந்த உணரிகளுக்கு ஆகாது. நாள்பட நாள்பட அவற்றின் கணக்கு மெல்ல நகர்ந்துபோகும். திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் ஹந்தானையில் துணி காயாமல் கிடக்கும் வாரத்தில் ஒரு மின்னணு மூக்கு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சங்கதி, இதை விளம்பரத் தாள்களில் போடமாட்டார்கள். அந்தக் கணினி எப்படிக் கற்றுக்கொண்டது? சுவை பார்ப்பவர் போட்ட மார்க்கை வைத்துத்தான். இது நல்லது, இது சுமார் என்று மனித வாய் சொல்லிக் கொடுத்ததைப் பெட்டி திருப்பிச் சொல்கிறது. ஆசான் ஏமாந்திருந்தால் மாணவனும் அப்படியே ஏமாறுவான், நான்கு தசமத் துல்லியத்தோடு.

அப்படியானால் எது பெரிது? என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். விலை போடுவதற்கு நான் பெட்டியை நம்பமாட்டேன். ஆனால் குற்றம் கண்டுபிடிக்க, நேற்றைய சரக்கும் இன்றைய சரக்கும் ஒன்றா என்று பார்க்க, வாடியது போதுமா, டிரையரில் ஈரப்பதம் 3 வீதத்துக்கு இறங்கியதா என்று கேட்க, அதைவிடப் பொறுமையான ஆள் கிடையாது. முக்கியமாக, அந்த எண்ணைத் தொழிற்சாலைக்குள் பூட்டி வைக்காமல் மலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்தில்தான் பொலிபினோல் நிறைய. முற்றிய இலை கலந்தால் தியாபிளேவின் அங்கேயே விழுந்துவிடும். அந்த வேலையைச் செய்கிற அக்காமார் நிறுவைத் தராசில் கிலோவை மட்டும்தான் பார்க்கிறார்கள். "நேற்று நீங்கள் எடுத்த கொழுந்துக்கு இத்தனை மார்க்" என்று அவர்களிடம் யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. கூலியில் அந்த மார்க்குக்கு ஓர் இடம் கொடுத்தால் எந்தச் சுட்டெண்ணும் தானாக ஏறும்.

கதவுகள் அவ்வளவுதான். இனி உங்கள் முறை. கண்டித் தேயிலை ஒரு பொட்டலம், ஊவாத் தேயிலை ஒரு பொட்டலம், இரண்டும் பி.ஓ.பி. தரத்தில் வாங்குங்கள். ஊவா ஓகஸ்ட் மாதத்துச் சரக்காகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். நகைக்கடைக்காரரிடம் கெஞ்சியாவது 2 கிராமாக நிறுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிலீற்றர் கொதிநீர், மூடி, ஆறு நிமிடம், வெள்ளைக் கிண்ணம். எது எந்தக் கிண்ணம் என்று தெரியாதபடி வீட்டில் யாரையாவது மாற்றி வைக்கச் சொல்லுங்கள். தைல வாசம் வருவது ஊவா, வாயில் கனமாக உட்காருவது கண்டி. இரண்டையும் முடிவு செய்து தாளில் எழுதும்வரை பாலையும் சீனியையும் பக்கத்தில் விடாதீர்கள்.